பூட்டிய அறையைக் கொடுமை என்று சொல்லலாமா?

திருமணமாகி இரண்டு ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த நீங்கள், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் சின்ன மாமியார் வீட்டில் கண்டதை எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மகனுக்கு, முறையில் உங்கள் கொழுந்தனுக்கு, 26 வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு, பேச்சு வரவில்லை. தாய் காலை ஆறு மணிக்குத் தையல் ஆலைக்குப் புறப்படும்போது மகனைப் பின்கட்டு அறையில் விட்டு, மூடிவைத்த சோறும் தண்ணீரும் ஒரு வாளியும் வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். பிற்பகல் மூன்றரைக்குத் திரும்பி வந்து திறக்கிறார். "உயிருக்கு உயிராகத்தான் வளர்க்கிறார், இதைக் கொடுமை என்று சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பாசமுள்ள ஒரு தாயின் செயலுக்கு அந்தப் பெயரை வைத்தால் அவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவோமோ, அதுவும் நேற்று வந்த மருமகள் அதைச் சொல்லலாமா என்ற தயக்கம் அது. இரண்டுக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். நான் சமூகப் பணியாளராக 29 ஆண்டுகள் வேலை பார்த்தவள். அவற்றில் பாதிக்கு மேல் வளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் கழிந்தது. வழக்கறிஞர் அல்ல. அந்த அறையை நான் பார்த்ததில்லை, உங்கள் சின்ன மாமியார் தரப்பைக் கேட்டதுமில்லை. இந்த இரண்டு குறைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சொற்களைப் பற்றிக் கொஞ்சம். 'கொடுமை' என்றதும் நம் காதில் கொடியவர் ஒருவரின் முகம் சேர்ந்தே வந்துவிடுகிறது. 'கவனக்குறைவு' என்றால் பால் பொங்கி அடுப்பில் வழிந்ததுபோல் அற்பமாக ஒலிக்கிறது. 'புறக்கணிப்பு' என்றால் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டதாகப் பொருளாகிறது. துறையில் இரண்டு தனித்தனி வகைகளாக வைத்துப் பேசப்படுபவற்றை நம் வீட்டுத் தமிழ் இப்படி ஆளின் குணத்தோடு பிணைத்து வைத்திருப்பதால், நடந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் செய்தவர் நல்லவரா கெட்டவரா என்ற பஞ்சாயத்துக்குப் போய்விடுகிறோம். நான் இங்கே துன்புறுத்தல் என்று சொல்வது ஒருவருக்குத் தீங்கு விளைக்கும் செயலை; கவனிப்பின்மை என்று சொல்வது, கவனிக்கும் பொறுப்பு உள்ளவரிடமிருந்து கிடைத்தே ஆகவேண்டிய ஒன்று கிடைக்காமல் போவதை. முன்னதில் கை நீள்கிறது, பின்னதில் நீள வேண்டிய கை நீளவில்லை. இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதையே. செய்தவரின் மனம் எப்படிப்பட்டது என்பது இரண்டாவது கேள்வி. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அது மிகவும் தேவைப்படும், பெயர் வைக்கும்போது தேவையில்லை.

இந்த நாட்டின் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று கேட்டால், ஒரே இடத்தில் ஒரே வரையறை கிடையாது என்பதுதான் உண்மை. 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் துன்புறுத்தலை வேண்டுமென்றே இழைக்கப்படும் தீங்கு அல்லது மோசமான நடத்துகை என்று வரையறுக்கிறது. அடித்தல், பாலியல் கொடுமை, சுரண்டும் வேலை, மனத்தைப் பாதிக்கும் நடத்தைக்கு ஆளாக்குதல் ஆகியவற்றோடு, பிற குழந்தைகள் செய்யும் சீண்டலையும் அதற்குள் சேர்க்கிறது. கவனிப்பின்மைக்கு அதே சட்டம் தரும் வரையறையில் 'வேண்டுமென்றே' என்ற சொல் இல்லை: குழந்தையின் உடல், அறிவு, உணர்வு, சமூகம் சார்ந்த அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றும் பெற்றோர் பொறுப்பில் தவறுவது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் 'குழந்தையைப் பூட்டிவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை, நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்; நரை விழுந்த மனிதரைக்கூடப் 'பாப்பா' என்று கூப்பிடும் குடும்பங்களை எனக்குத் தெரியும். இருந்தாலும் 18 வயது முடிந்தவருக்குக் குழந்தைகள் சட்டம் பொருந்தாது. உங்கள் கொழுந்தன் சட்டத்தின் கண்ணில் வளர்ந்த ஆண், அவருடைய நடமாட்டம் அவருடையது. மூன்று வயதுக் குழந்தை தெருவுக்கு ஓடாமல் கதவைச் சாத்துவதும் 26 வயதுக்காரரைச் சாத்திவைப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தச் செல்லப்பெயர் மறைத்துவிடுகிறது.

பெரியவர்களுக்குப் பொருந்துபவை வேறு சட்டங்கள். 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கடுமையான அறிவுசார் குறைபாட்டையும் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்கிறது. அதன் 11-ஆம் பிரிவு, பராமரிப்பு வழங்குவோர் தம் பொறுப்பில் இருப்பவரைச் சுரண்டலிலிருந்தும் கொடுமையிலிருந்தும் இழிவான நடத்துகையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. பராமரிப்பைத் தண்டனையாகவோ பிறருடைய வசதிக்காகவோ பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. 'பிறருடைய வசதிக்காக' என்ற அந்தச் சொற்றொடரை நான் பல ஆண்டுகள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தேன், ஏனென்றால் நான் பார்த்தவற்றில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரைத் துணை கிடைக்கும் இடங்களிலிருந்து தனிமைப்படுத்துவதையும் அவருடைய அன்றாட நடத்தையைக் கட்டுப்படுத்துவதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவருக்குரிய பணத்தைப் பறிப்பதையும் சேர்த்துத்தான்.

சட்டத்தின் சொற்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இந்தத் துறையில் உண்மையான சிக்கல் கண்ணில் படுவதில்தான் இருக்கிறது. ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் அந்தப் பராமரிப்பு இல்லத்தையும் சொல்லமாட்டேன். ஏறக்குறைய முப்பது வயதுள்ள ஒருவர், பேச்சு இல்லை, தன் இடது கன்னத்தில் முட்டியால் குத்திக்கொள்ளத் தொடங்கினார். 'இவர்களுக்கு இது வழக்கம்தான்' என்று பணியாளர்கள் பதிவேட்டில் எழுதினார்கள். தலையில் மெத்தை வைத்த தொப்பி கட்டினார்கள். இரவில் உறங்கவில்லை என்று மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பகலெல்லாம் நாற்காலியில் சாய்ந்து எச்சில் ஒழுகக் கிடந்தார். சாப்பாட்டைத் தள்ளிவிட்டபோது பிடிவாதம் என்றார்கள். நான்கு மாதம் கழித்து வேறு ஒருவருக்காக வந்திருந்த பல் மருத்துவர், போகிற போக்கில் இவருடைய வாயைத் திறந்து பார்த்தார். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய மூன்றாம் நாள் அவர் கன்னத்தில் குத்திக்கொள்வதை நிறுத்தினார். அந்த இல்லத்தில் யாரும் அவரை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. இரவுப் பணியில் இருந்த அம்மா தன் வீட்டிலிருந்து அவருக்குச் சூப் கொண்டுவந்து கொடுத்தவர். ஆனாலும் நான்கு மாத வலிக்கு நான் என் அறிக்கையில் கவனிப்பின்மை என்றே எழுதினேன், அந்தத் தொப்பியையும் மருந்தையும் கட்டுப்படுத்தல் என்று எழுதினேன். அந்த அம்மா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. பதிவேட்டில் நானும் இரண்டு முறை கையெழுத்திட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வலி, பயம், பசி, அடி எல்லாவற்றின் அடையாளத்தையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் இந்தப் பழக்கத்தால்தான், இவர்களுக்கு நேர்வது வெளியே தெரிவதில்லை. மெலிந்துபோனால் நோய் என்கிறோம், ஒடுங்கிப்போனால் குணம் என்கிறோம், குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் சிறுநீர் கழித்துவிட்டால் 'தெரியாமல் போய்விட்டது' என்கிறோம். 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, குறைபாடுள்ள குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு என்றும், மனநலம் அல்லது அறிவு சார்ந்த குறைபாடுள்ள குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு 4.6 மடங்கு என்றும் கண்டது. அந்தத் தொகுப்பில் இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில் செய்யப்பட்டவை. நம் தெருக்களுக்கு அதே எண் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். குறைவாக இருக்கும் என்று நம்பவும் எனக்குக் காரணம் இல்லை.

எது சந்தேகத்துக்கு இடமில்லாதது என்று கேட்டால், அடிப்பது, சூடுவைப்பது, கட்டிலில் கட்டிவைப்பது, தண்டனையாகச் சோறு மறுப்பது ஆகியவற்றுக்கு எந்த விளக்கமும் எடுபடாது. கண்டிப்பதற்காகப் பெற்றோர் அடிக்கலாம் என்ற பழைய பாதுகாப்பைக்கூட அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் நீக்கிவிட்டது. பாலியல் செயலைப் பொறுத்தவரை, அது என்னவென்றே புரிந்துகொள்ள முடியாத அளவு அறிவுசார் குறைபாடு உள்ளவரால் சம்மதம் தர இயலாது என்று 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம் சொல்கிறது. அவர் சிரித்தார், எதிர்க்கவில்லை, தானே வந்தார் என்பவை பதிலாகா. இப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்த எவரும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். குடும்ப மானம் என்ற பேச்சு இந்த இடத்தில் எழும். டர்பனைச் சுற்றியுள்ள இசிபிங்கோவிலும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் அது எழுந்து நான் கேட்டிருக்கிறேன். மானத்தைக் காப்பாற்றியதால் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அடுத்த முறையும் அதுவே நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சந்தேகமானவை இவற்றுக்கு வெளியே குவிந்து கிடக்கின்றன. உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். அரசின் சமூக உதவித்தொகை நிறுவனமான சாசா தரும் ஊனமுற்றோர் உதவித்தொகை அந்த மனிதருக்கு உரியது. ஆனால் ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்தப் பணமும் சேர்ந்துதான் அரிசி, மின்சாரம், வாடகை எல்லாம் ஆகிறது, அவரும் அந்தச் சோற்றைத்தான் உண்கிறார். இதைச் சுரண்டல் என்று நான் எழுதியதில்லை. நான் அவருடைய கால்களைப் பார்ப்பேன். வீட்டிலுள்ள மற்ற எல்லோருக்கும் அளவான செருப்பு இருந்து, உதவித்தொகைக்கு உரியவர் மட்டும் யாரோ கழித்த, குதிகால் வெளியே தொங்கும் செருப்பில் இருந்தால், அங்கே நான் இரண்டாவது கேள்வி கேட்பேன். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டுவது கவனிப்பு; மென்று தின்னத் தெரிந்தவருக்கு நேரம் மிச்சம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கூழாக்கி ஐந்து நிமிடத்தில் ஊட்டி முடிப்பது கவனிப்பின்மையின் ஆரம்பம். ஆடிக் கஞ்சிக்கும் காவடிக்கும் அழைத்துப்போனால் கூட்டத்தில் கத்துவார் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது ஒரு முறை என்றால் விவேகம், பதினைந்து ஆண்டுகள் என்றால் வேறு பெயர். இவற்றில் அளவும் நீடிப்பும்தான் கோட்டை இழுக்கின்றன. இரண்டு அனுபவசாலிகள் ஒரே வீட்டைப் பார்த்து வெவ்வேறு பக்கம் நிற்பதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் உங்கள் சின்ன மாமியாருக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். கவனிப்பின்மை என்பது பொறுப்பில் தவறுவது என்றால், பொறுப்பு யார் யாருக்கெல்லாம் இருந்தது என்று கேட்க வேண்டும். மேற்குக் கேப் மாகாணத்தில் கடும் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பள்ளி மறுக்கப்பட்டதை எதிர்த்து அங்குள்ள அறிவுசார் குறைபாட்டு மன்றம் தொடுத்த வழக்கில், 2010 நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசின் பக்கமே விரலை நீட்டியது. கல்வி உரிமை, சமத்துவம் ஆகியவற்றோடு, புறக்கணிப்பிலிருந்தும் இழிவிலிருந்தும் காக்கப்படும் உரிமையும் மீறப்பட்டது என்றது. அதைவிடக் கொடியது 2016-இல் கௌட்டெங் மாகாணத்தில் நடந்தது. அம்மாகாணச் சுகாதாரத் துறை மனநலப் பராமரிப்பு வழங்கிவந்த லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, அங்கே பராமரிப்பில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் அவர்களில் உண்டு, ஆயத்தமில்லாத தொண்டு இல்லங்களுக்கு மாற்றியது. 144 பேர் இறந்தார்கள். நீர்ச்சத்துக் குறைவும் பட்டினியும் குளிரும் காரணங்களில் இருந்தன. எவரும் எவர் மேலும் கை ஓங்காமலே அது நடந்தது. ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே 2018 மார்ச்சில் தந்த நடுவர் தீர்ப்பு, அரசியலமைப்பு உரிமை மீறலுக்காக மட்டும் ஒவ்வொரு கோரிக்கையாளருக்கும் பத்து லட்சம் ராண்ட் வழங்கச் சொன்னது. ஆகவே பகல்நேர மையத்தில் இடம் கேட்டு வரிசையில் நிற்கும் தாயின் கதவில் தொங்கும் பூட்டில் அரசின் கைரேகையும் இருக்கிறது.

இப்போது அந்தப் பூட்டு. இங்கே வீட்டுக்கு வீடு கம்பிக் கதவும் ஜன்னல் கம்பியும் உண்டு. பகலிலும் பூட்டிக்கொண்டு உள்ளே வாழ்கிறோம், வந்த புதிதில் உங்களுக்கே மூச்சு முட்டியிருக்கும். அந்தப் பூட்டில் சாவி உள்ளே இருப்பவர் கையில் இருக்கிறது. உங்கள் கொழுந்தனின் பூட்டில் சாவி ஒன்பதரை மணிநேரம் ஆலையில் இருக்கிறது. மின்கம்பி பற்றி எரிந்தாலும், வலிப்பு வந்தாலும், தொண்டையில் கவளம் சிக்கினாலும் கூப்பிடப் பேச்சு இல்லை, திறக்க ஆள் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நீங்கள் வந்த பிறகு கேள்விப்பட்டிருப்பீர்கள். பல வீடுகளில் மக்கள் பிழைத்தது கதவைத் திறந்துகொண்டு ஓட முடிந்ததால்தான். கழிப்பறைக்குப் பதில் வாளி என்பது பாதுகாப்போடு சம்பந்தமில்லாத இன்னொரு பறிப்பு. ஆகவே என் தீர்மானம் இதுதான்: நீங்கள் எழுதியபடியே நிலைமை இருக்குமானால், அது கவனிப்பின்மை, நாள்தோறும் இத்தனை மணிநேரம் ஓர் ஆளின் நடமாட்டத்தைப் பறிப்பதால் துன்புறுத்தலின் எல்லையையும் தொடுகிறது. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்தத் தாய் கொடுமைக்காரி அல்லர் என்பதிலும் எனக்குத் தயக்கம் இல்லை. வேலையை விட்டால் இருவரும் பட்டினி, விடாவிட்டால் பூட்டு என்ற நிலையில் அவர் பூட்டைத் தேர்ந்திருக்கிறார். தயக்கம் இருப்பது வேறொன்றில்: அவர் இதை விரும்பித் தொடர்கிறாரா, வழி தெரியாமல் தொடர்கிறாரா என்பது உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

சட்டத்தின் கோணத்தில், குறைபாடுள்ள ஒருவர் மீது குடும்ப வன்முறை நடக்கிறது என்று நியாயமான காரணத்தோடு சந்தேகிக்கும் வயதுவந்த எவரும் சமூகப் பணியாளரிடமோ காவல்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. உறவு, வயது, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் அதில் இல்லை. உங்கள் கொழுந்தனின் நிலை அந்த வரையறைக்குள் விழுகிறதா என்பதை வழக்கறிஞர்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த உறுதி வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் சமூகப் பணியாளரிடம் உதவி கேட்பதற்குக் குற்றம் நிரூபணமாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சின்ன மாமியாரிடம் தனியாகப் போவேன், கணவரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு நீதிமன்றம்போல் போகமாட்டேன். "அத்தை, இன்றைக்கு ஒரு சாவி எங்களிடம் இருக்கட்டும், பதினொரு மணிக்கு நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று தொடங்குவேன். அந்த ஒரு சாவியை அவர் தருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். அந்த வாரமே சமூக மேம்பாட்டுத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் பகல்நேர மையத்துக்குப் பெயர் பதியச் சொல்லி, அவரோடு நீங்களும் வரிசையில் நிற்பதாகச் சொல்லுங்கள். வேலைநாளில் விடுப்பு எடுத்து அந்த வரிசையில் தனியாக நிற்க முடியாததாலேயே பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். முழுநேரத் துணை தேவைப்படும் அளவு நிலைமை இருந்தால், உதவித்தொகைக்கு மேல் துணையாளுக்கான கூடுதல் தொகைக்கும் சாசாவில் விண்ணப்பிக்கலாம். அது சிறு தொகைதான், ஆனால் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மாதம் ஏதோ கொடுக்க உதவும்.

உடலில் காயம், கயிற்றுத் தடம், சட்டென்று மெலிவு, அல்லது அந்தச் சாவி வேறு எவரிடமோ இருப்பது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் நான் மேலே சொன்ன படிப்படியான வழியை விட்டுவிடுங்கள். அன்றைக்கே காவல்நிலையத்துக்குப் போங்கள்.

நான்கு விவரங்கள் தெரிந்தால் இன்னும் தெளிவாக எழுதுவேன். அறையின் ஜன்னல் தெருப்பக்கம் திறக்கிறதா? அவருக்கு வலிப்பு நோய் உண்டா? பூட்டும் ஓசை கேட்கும்போது அவர் என்ன செய்கிறார், பாயில் போய் உட்கார்ந்துகொள்கிறாரா, கதவை அடிக்கிறாரா? மாலையில் கதவு திறந்ததும் வெளியே வருகிறாரா, உள்ளேயே இருந்துவிடுகிறாரா?